பத்திரம் சொல்லாத விலை

சுண்ணாம்புக்குளத்தில் ஒரு வீடு என்ன விலை போகும்? திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரைப் பக்கம், ஆந்திர எல்லைக்கு அருகில் இருக்கும் ஊர். நிலத் தரகரைக் கேட்டால் “சென்ட் இவ்வளவு போவுது” என்று ஒரு விலை சொல்வார். பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு வேறொரு விலை சொல்லும். கடன் கேட்டுப் போனால் வங்கியின் மதிப்பீட்டாளர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். நாளைக்கே ஒரு திட்டத்துக்காக அரசு நிலம் எடுக்க வந்தால், ஆட்சியர் அலுவலகம் நான்காவது விலையை எழுதும். இந்த நான்கில் எதுவும் அந்த வீட்டில் குடியிருக்கும் குடும்பத்தைக் கேட்டு வந்ததல்ல. அவர்களிடம் கணக்கே இல்லை என்பதால் மற்றவர்கள் சொல்லும் கணக்கு நிலைத்துவிடுகிறது.

அந்தக் கணக்கைப் போடுவதற்கான தகவல் ரகசியமானதும் அல்ல. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட எந்த வீடு, மனை விற்பனையும் பதிவாக வேண்டும் என்பது சொத்துரிமை மாற்றுச் சட்டம். அப்படிப் பதிவான கிரயங்களைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம் என்கிறது 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம், பிரிவு 57. அதாவது, விற்பனை விலைகள் இந்தியாவில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பொதுச் சொத்து. இன்று அதற்கு அலுவலக வாசலில் காத்திருக்கவும் வேண்டாம். தமிழ்நாடு பதிவுத் துறையின் இணையதளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுத்தால் வில்லங்க விவரம் கட்டணமில்லாமல் திரையில் வந்துவிடும்.

வில்லங்கச் சான்றை நம் மக்கள் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பார்க்கிறார்கள்: சொத்தில் கடன் இருக்கிறதா, வேறு யாருக்காவது பங்கு இருக்கிறதா என்று. அதே தாளில் விலையும் இருக்கிறது. ஆவண எண்ணும் ஆண்டும், எழுதிக் கொடுத்த நாளும் பதிவான நாளும், ஆவணத்தின் தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் என்று கட்டங்கள் வரிசையாக வரும். அவற்றுக்குக் கீழே இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று ‘கைமாற்றுத் தொகை’, இன்னொன்று ‘சந்தை மதிப்பு’. அதற்கும் கீழே அட்டவணையில் சொத்தின் வகைப்பாடு, விஸ்தீர்ணம், எல்லை விவரங்கள். தொகையை விஸ்தீர்ணத்தால் வகுத்தால் சென்ட் விலை கிடைத்துவிடும். நம் வீட்டின் புல எண்ணோடு நிறுத்தாமல், சுற்றியுள்ள பத்துப் பதினைந்து புல எண்களுக்கும் கடந்த மூன்று ஆண்டுகளுக்குப் பார்த்தால் ஊரின் விலை ஓரளவு புலப்படும்.

ஆனால், அந்தத் தாளை அப்படியே நம்பிவிடக் கூடாது. முதலில் ஆவணத்தின் தன்மையைப் பார்க்க வேண்டும். தகப்பன் மகளுக்கு எழுதிய ஏற்பாடு, அண்ணன் தம்பிக்கு எழுதிய விடுதலை, பாகப்பிரிவினை, வங்கியில் உரிமை ஆவணங்களை ஒப்படைத்ததற்கான பதிவு எல்லாமே தொகையோடுதான் வரும். அவற்றுக்கும் சந்தைக்கும் சம்பந்தமில்லை. கிரயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிட வேண்டும். அடுத்து, வழிகாட்டி மதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். ஒரே தெருவில் ஐந்து கிரயங்களும் சென்டுக்கு வழிகாட்டி மதிப்பை ரூபாய் பிசகாமல் காட்டினால், அவை விற்ற விலைகள் அல்ல; பத்திரத்தில் எழுதிய விலைகள். மீதி ரொக்கமாகக் கைமாறியிருக்கும் என்றே கொள்ள வேண்டும்.

மக்கள் ஏன் குறைத்து எழுதுகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்து லட்சம் ரூபாய்க்கு 90,000 ரூபாய். மீன் விற்ற காசைச் சேர்த்து வைத்து மனை வாங்குகிற குடும்பத்துக்கு அது பெரிய தொகை. பத்திரம் எழுதும் இடத்தில் “கைடுலைன் என்னவோ அதையே போட்டுக்கலாம்” என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை. அந்த நேரத்தில் மிச்சமாகும் பணம் பின்னால் எப்படித் திரும்பி வந்து கடிக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதும் இல்லை.

வழிகாட்டி மதிப்பையே சந்தை விலை என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. முத்திரைத் தீர்வைக்காக வைத்திருக்கும் மதிப்புப் பதிவேட்டைக் கொண்டு, கையகப்படுத்தும் நிலத்துக்குச் சந்தை விலையைத் தீர்மானிக்க முடியாது என்று ஜவாஜி நாகநாதம் வழக்கில் (1994) சொன்னது. தமிழ்நாட்டையே உலுக்கிய டான்சி நில வழக்கிலும் (ஆர்.சாய்பாரதி - ஜெ.ஜெயலலிதா, 2003), வழிகாட்டி மதிப்பு என்பது தீர்வை வசூலுக்கான முதற்கட்ட அளவுகோல்தான், அதுவே சந்தை விலை ஆகிவிடாது என்றது. அந்த மதிப்பு எப்படியெல்லாம் மாறி வந்திருக்கிறது என்று பார்த்தாலே இது விளங்கும். 2012 ஏப்ரலில் மாநிலம் முழுக்கத் திருத்தி உயர்த்தினார்கள். 2017 ஜூன் 9 முதல் ஒரே அடியாக 33 சதவீதம் குறைத்தார்கள். கூடவே பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமானது. 2023 ஏப்ரலில் மதிப்பு பழையபடி 2012-ன் அளவுக்கு ஏறியது, கட்டணம் 2 சதவீதமாக இறங்கியது. பொதுமக்களின் கருத்தைக் கேட்காமல் செய்தது செல்லாது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் மதிப்பை உயர்த்திய சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய மதிப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஏரிக்கரை மனையின் விலை 2017 ஜூன் 8-ம் தேதி ராத்திரி மூன்றில் ஒரு பங்கு சரிந்துவிடவில்லை. ஆனால் வில்லங்கச் சான்றில் அப்படித்தான் தெரியும். பழைய கிரயங்களைச் சேர்த்துக் கணக்குப் போடுகிறவர் இந்தத் தேதிகளைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

அப்படியானால் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்திரம் எது? வங்கிக் கடனில் வாங்கியவரின் பத்திரம் ஒன்று. கடன் தொகைக்கு ஏற்ப விலையைக் காட்டியாக வேண்டும் என்பதால் பெரும்பாலும் அதில் விலை அதிகம் மறைவதில்லை. நிறுவனங்கள் வாங்கிய பத்திரம் இன்னொன்று. அவை காசோலையில் பணம் கொடுத்துத் தணிக்கைக்குக் கணக்கு காட்ட வேண்டியவை. பக்கத்து வரிகளெல்லாம் வழிகாட்டி மதிப்பில் நிற்கும்போது ஒரே ஒரு வரி மட்டும் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு காட்டினால் அதைப் பிழை என்று தாண்டிவிடக் கூடாது. அதுதான் சாட்சி.

அதற்குப் பிறகு வருவது கூட்டல் கழித்தல். சிமன்லால் ஹர்கோவிந்ததாஸ் வழக்கில் (1988) உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழிமுறையே வகுத்துக் கொடுத்திருக்கிறது. விரும்பி வாங்குகிறவரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றது. சிறிய மனை, சாலையை ஒட்டிய மனை, முகப்பு அகலமானது, சீரான வடிவம் உடையது என்றால் விலையைக் கூட்ட வேண்டும். பெரிய பரப்பு, உள்ளே தள்ளி இருப்பது, குறுகலான துண்டு, மண் கொட்டி நிரப்ப வேண்டிய பள்ளம் என்றால் குறைக்க வேண்டும். இந்தக் கடைசி வார்த்தை ஏரிக்கரை ஊர்களுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி பெருகினால் தண்ணீர் எந்தத் தெரு வரை வரும், எந்த வீட்டின் திண்ணை வரை ஏறும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தில் அது வராது. பழைய பத்திரத்தின் விலையை இன்றைய நிலைக்குக் கொண்டுவர, கிராமத்து நிலத்துக்கு ஆண்டுக்கு 5 முதல் 7.5 சதவீதம் வரை விலையேற்றம் சேர்க்கலாம் என்று 2008-ல் எண்ணெய் - இயற்கை எரிவாயுக் கழகம் தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவையும் இங்கே பயன்படுத்தலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனை, எந்த ஊரின் விலையும் அல்ல. ஐந்து சென்ட் மனை, அதில் 600 சதுர அடியில் இருபது ஆண்டுப் பழைய தளம் போட்ட வீடு. சுற்றுவட்டாரத்தில் மூன்று ஆண்டுகளில் நான்கு மனைக் கிரயங்கள். சென்டுக்கு 80,000, மறுபடி 80,000, பிறகு 85,000, கடைசியாக வங்கிக் கடனில் வாங்கியது 1,50,000. வழிகாட்டி மதிப்பு 80,000. முதல் இரண்டும் கைடுலைனை நகலெடுத்தவை என்பது பார்த்ததுமே தெரிகிறது. நான்காவதை அடிப்படையாகக் கொள்கிறோம். அது இரண்டு ஆண்டுக்கு முந்தையது என்றால், ஆண்டுக்கு 7 சதவீதம் சேர்த்து ஏறக்குறைய 1,71,700. நம் மனை அதைவிடத் தாழ்வு, மண் நிரப்ப வேண்டும் என்பதால் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் சென்ட் ஏறக்குறைய 1,37,000. ஐந்து சென்டுக்கு 6,85,000. வீட்டை இன்று கட்டச் சதுர அடிக்கு 1,600 ரூபாய் ஆகும், அறுபது ஆண்டு ஆயுளில் இருபது கழிந்துவிட்டது என்று வைத்தால் 9,60,000-ல் மூன்றில் ஒரு பங்கு போக 6,40,000. மொத்தம் 13,25,000. நான் இதைப் ‘பதின்மூன்றே கால் லட்சம்’ என்று சொல்ல மாட்டேன், பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடையில் என்றுதான் சொல்வேன். ஒரே ஒரு நல்ல பத்திரத்தின் மேல் நிற்கும் கணக்கு அதற்கு மேல் துல்லியம் தராது. ஆனால் மனைக்கு மட்டும் வழிகாட்டி மதிப்பு சொல்லும் 4 லட்சத்துக்கும் நம் கணக்கில் மனைக்கு வந்த 6,85,000-க்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள்.

இதுவரை சொன்னது, பத்திரம் இருக்கும் வீட்டுக்கு. பழவேற்காட்டு மீனவர் குப்பங்களில் பல வீடுகளுக்குப் பத்திரமே கிடையாது. சில வீடுகள் கிராம நத்தத்தில் இருக்கின்றன. நத்தம் அரசுக்குச் சொந்தமானதல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது, ஆனாலும் பட்டா எல்லோர் கைக்கும் வந்து சேரவில்லை. சில வீடுகள் புறம்போக்கில் இருக்கின்றன. சுனாமிக்குப் பிறகு கடலோர மாவட்டங்களில் கட்டிக் கொடுத்த வீடுகளும், இலவச மனைப் பட்டாக்களும் குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தவை. ஏரியோரத்து இருளர் குடும்பங்களின் நிலை இன்னும் மோசம். தலைமுறைகளாக இருக்கும் இடத்துக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாதவர்கள் அவர்களில் உண்டு. இவர்கள் யாருடைய வீடும் பதிவுத் துறையின் தரவில் ஒரு வரியாகக்கூட வராது. விற்பனையே பதிவாகாத இடத்தில் விற்பனைத் தரவைக் கொண்டு விலை கண்டுபிடிக்க முடியாது.

சட்டத்தின் வேலிகள் வேறு இருக்கின்றன. பழவேற்காடு ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்கான அறிவிக்கை வந்த பிறகு, அதன் எல்லைக்குள் அடங்கும் நிலத்தில் வாரிசுரிமையாகவோ உயில் வழியாகவோ தவிர யாரும் புதிதாக உரிமை பெற முடியாது என்கிறது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 20. உரிமைகளைத் தீர்மானிக்கும் விசாரணை முடிந்தால்தான் எது உள்ளே, எது வெளியே என்பது தெளிவாகும். அது ஆண்டுக்கணக்கில் இழுபட்டால் பாதிப்பு, மகள் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ இரண்டு சென்டை விற்க நினைக்கும் குடும்பத்துக்குத்தான். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு. 2011-ன் அறிவிக்கையில் ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை. 2019-ல், சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடங்களில் அதை 50 மீட்டராகக் குறைத்தார்கள். ஒரு மனை எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்து விலை பாதியாகலாம், இரட்டிப்பாகலாம். புல எண்ணைக் கொடுத்தால் வழிகாட்டி மதிப்பைக் காட்டும் இணையதளம், அதே புல எண் சரணாலயத்துக்குள் வருகிறதா, கடலோர மண்டலத்தில் வருகிறதா என்பதையும் காட்டினால் எத்தனையோ ஏமாற்றுகள் நின்றுபோகும்.

இவை எல்லாவற்றையும்விட என் மனதை உறுத்துவது வேறொன்று. மீனவர் வீட்டின் மதிப்பில் பாதி அதன் சுவரிலும் மண்ணிலும் இல்லை, ஏரியில் இருக்கிறது. பழவேற்காட்டின் சில குப்பங்களில் பாடு முறை நடக்கிறது. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை ஊரே முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. அந்த உரிமை ஊராருக்கு உரியது. வீட்டை வாங்கிய வெளியூர்க்காரருக்கு அது வராது. படகு கட்டும் துறையும் வலை உலர்த்தும் இடமும் அப்படித்தான். ஆகவே வெளியார் கொடுக்கும் விலையில் இவை சேராது. விற்றுவிட்டுப் போகிற குடும்பமோ இவற்றையும் சேர்த்துத்தான் இழக்கிறது. விரும்பி வாங்குகிறவரின் நாற்காலியில் மட்டும் உட்கார்ந்து பார்த்தால் இந்த இழப்பு கண்ணில் படாது. விற்றுவிட்டுப் போகிறவரின் திண்ணையிலும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

இது இன்று பேசியாக வேண்டிய விஷயம். 1969-ல் ராக்கெட் ஏவுதளத்துக்கு ஸ்ரீஹரிகோட்டாவைத் தேர்ந்தெடுத்தபோது அந்தத் தீவின் மக்கள் வெளியேற நேர்ந்தது. ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்தபோதும் குப்பம் இடம்பெயர்ந்தது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் இருக்கிறது, சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலை பக்கத்திலேயே போகிறது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி அரசாணை வந்தது. திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதி வரை மனைத் தொழிலின் பார்வை விழுந்துவிட்டது. நிலம் கேட்டு யாரோ ஒருவர் வரத்தான் போகிறார்.

அப்படி அரசே வந்தால், 2013-ம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 26-வது பிரிவுதான் விலையைத் தீர்மானிக்கும். வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம்; அக்கம்பக்கத்தில் அதேபோன்ற நிலத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களின் சராசரி இன்னொரு பக்கம்; எது அதிகமோ அது. சராசரியிலும், அதிக விலை காட்டும் பாதிப் பத்திரங்களை மட்டுமே எடுக்க வேண்டும். மேலே போட்ட கற்பனைக் கணக்கில் நான்கு பத்திரங்களின் சராசரி 98,750. உயர்ந்த இரண்டின் சராசரி 1,17,500. மனைக்கு 5,87,500 ரூபாய் வரும். சட்டம் நல்லெண்ணத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் மேல் பாதியிலேயே கைடுலைனை ஒட்டி எழுதிய ஒரு பத்திரம் புகுந்துவிட்டால் சராசரி இறங்கிவிடுகிறது. அன்றைக்குப் பதிவுச் செலவில் சில ஆயிரங்களை மிச்சம் பிடித்த அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் சேர்த்து இழப்பு வருகிறது. சட்டப்படி அந்த விலைக்கு மேல் ஊரக நிலத்துக்கான பெருக்கலும் நூறு சதவீத ஆறுதல் தொகையும் உண்டு. அவையும் இந்த அடிப்படை விலையின் மேல்தான் ஏறுகின்றன. அடியில் ஒரு ரூபாய் குறைந்தால் மேலே இரண்டு, மூன்று ரூபாயாகக் குறையும்.

பத்திரமே இல்லாத குப்பத்துக்கும் அந்தப் பிரிவில் வழி இருக்கிறது, பலருக்கும் தெரியாத வழி. நில மாற்றத்துக்குச் சட்டத் தடை உள்ள இடமாக இருந்தாலோ, மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களே இல்லாவிட்டாலோ, அடுத்துள்ள பகுதிகளின் விலையை வைத்து மாநில அரசு அடிப்படை விலையை அறிவிக்க வேண்டும் என்கிறது 26(3). பழவேற்காட்டுக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு இல்லை. நீர்நிலையை நம்பி வாழும் மீனவர், படகோட்டி குடும்பங்களைப் பாதிக்கப்பட்ட குடும்பங்களாகவே இந்தச் சட்டம் கணக்கில் கொள்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 முதல் நடந்த வீட்டு விற்பனைகளின் விலையை அங்குள்ள நிலப் பதிவகம் முகவரியோடு, வாங்கியவர் விற்றவர் பெயர் இல்லாமல், ஒரே பட்டியலாக வெளியிடுகிறது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளின் மறுவிற்பனை விலைகள் 1990 முதல் பொதுத் தரவாகக் கிடைக்கின்றன. எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி வரிசை, எத்தனை சதுர மீட்டர், எந்த மாதம், என்ன விலை என்று எல்லாம் இருக்கும். அங்கே வீடு வாங்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் தரகரிடம் பேசும் முன் இந்தப் பட்டியலைப் பார்க்க முடிகிறது. தமிழ்நாட்டிலோ எல்லாம் தலைகீழ். விலையைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு புல எண்ணாகத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தேவையே இல்லாத ஆட்களின் பெயர்கள் மட்டும் அதில் தாராளமாக வெளியே தெரிகின்றன. பெயர்களை நீக்கிவிட்டு, கிராமம், புல எண், வகைப்பாடு, பரப்பு, தேதி, தொகை ஆகிய ஆறையும் மாதந்தோறும் கிராமவாரியாகப் பட்டியலிடப் பதிவுத் துறைக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. தகவல் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. ஓர் அரசாணை போதும்.

குறைத்து எழுதுவது நிற்க வேண்டுமானால் தீர்வையும் குறைய வேண்டும். ஒன்பது சதவீதம் கேட்டுக்கொண்டே உண்மையான விலையை எழுதுங்கள் என்று ஏழைக் குடும்பத்திடம் சொல்வதில் நியாயமில்லை. பெண்கள் பெயரில் பதியும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருப்பது நல்ல தொடக்கம். சிறிய வீடுகளுக்கு இதை இன்னும் தாராளமாக நீட்டினால் மறைக்கும் ஆசை குறையும், பத்திரங்களும் மெய் பேசத் தொடங்கும்.

அரசாணை வரும் வரை ஊர் காத்திருக்க வேண்டியதில்லை. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இல்லாத கிராமம் இன்று இல்லை. அவர்களில் இரண்டு பேர் ஒரு வாரம் உட்கார்ந்தால், சுண்ணாம்புக்குளத்துக்கும் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் மூன்று ஆண்டுக் கிரயங்களை ஒரு நோட்டில் எழுதிவிடலாம். எது கைடுலைன் நகல், எது வங்கிக் கடன் பத்திரம் என்று ஊர்ப் பெரியவர்கள் பக்கத்தில் இருந்து சொல்லிவிடுவார்கள். எந்த மனை மழைக்கு மூழ்கும், எது மூழ்காது என்பதையும் அவர்களே குறித்துக் கொடுப்பார்கள். பட்டா இல்லாத வீடுகளின் பட்டியலைத் தனியாக எடுத்து, நத்தம் எவ்வளவு, புறம்போக்கு எவ்வளவு, சரணாலய எல்லைக்குள் எவ்வளவு என்று பிரித்து, பட்டாவும் 26(3)-ன்படி அடிப்படை விலை அறிவிப்பும் கேட்டு அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடலாம். ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பும் தீர்மானத்தோடு அந்த நோட்டின் நகலையும் இணைக்க வேண்டும்.